கணினி கேள்வி – பதில்: லோகோவிலேயே நிற்கிறதே!

கேள்வி: ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் 2014-இல் வாங்கியது. போன வருஷம் 240 ஜிபி எஸ்.எஸ்.டி. (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான புது வகை டிஸ்க்) போட்டு விண்டோஸ் 10-ஐப் புதிதாக ஏற்றினோம். வாடிக்கையாளர் ஃபைல்கள் இருக்கும் பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும் உள்ளேயேதான் இருக்கிறது. ஆறு மாதம் பறந்தது. இப்போது பட்டனை அழுத்தினால் மதர்போர்டு லோகோ ஒன்றரை நிமிடம் அசையாமல் நிற்கிறது. காலையில் ஆதார் நகல் எடுக்க நாலு பேர் காத்திருக்கும்போது மானம் போகிறது. ஸ்டார்ட்அப் புரோகிராம்களை எல்லாம் நிறுத்தியும் பலனில்லை. எஸ்.எஸ்.டி. போய்விட்டதா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: எஸ்.எஸ்.டி. மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. அதன் பக்கத்தில் இருக்கும் பழைய டிஸ்க் மேல்தான் சந்தேகம்.

நீங்களே துப்பு கொடுத்துவிட்டீர்கள். மதர்போர்டு லோகோ நிற்கும் நேரத்தில் விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. அப்போது வேலை செய்வது பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னால் கம்ப்யூட்டரை எழுப்பும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள். ஸ்டார்ட்அப் புரோகிராம்கள் ஓடுவது நீங்கள் உள்ளே நுழைந்த பிறகுதான். அவற்றை நிறுத்தி இந்த ஒன்றரை நிமிடத்தில் ஒரு நொடியைக்கூடக் குறைக்க முடியாது. பயாஸ் தன்னோடு இணைந்திருக்கும் ஒவ்வொரு டிஸ்க்கையும் ‘இருக்கிறாயா?’ என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்கும். தேய்ந்துபோன டிஸ்க் உடனே பதில் சொல்லாது. விண்டோஸ் அதில் இல்லாவிட்டாலும் காத்திருப்பு காத்திருப்புதான்.

எனக்கும் இது நடந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு முறை விண்டோஸை மறுபடி ஏற்றினேன், ஆன்டிவைரஸைத் திட்டினேன். ஒரு நாள் கரண்ட் போய், மின்விசிறி நின்று, யு.பி.எஸ்.ஸில் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கேபினட்டுக்குள்ளிருந்து டிக்... டிக்... என்று கேட்டது. ‘பல்லி எந்தத் திசையில் சொல்லுது பாருங்க’ என்றாள் என் மனைவி. சொன்னது பல்லி இல்லை, பழைய டிஸ்க்!

முதலில் அந்த டிஸ்க்கில் உள்ள ஃபைல்களை வேறோர் இடத்துக்கு நகலெடுங்கள். இதற்கு முன் எதையும் ‘ரிப்பேர்’ செய்யப் போகாதீர்கள்; சாகக் கிடக்கும் டிஸ்க்கில் செக்டிஸ்க்கை (பிழை தேடித் திருத்தும் விண்டோஸ் கருவி) ஓடவிட்டால் மிச்ச உயிரும் போகலாம். ஏதாவது ஒரு ஃபைலில் மாட்டிக்கொண்டு நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

அப்புறம் ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பழைய டிஸ்க்கின் இரண்டு கேபிள்களையும் எடுத்துவிடுங்கள். கைபேசியில் ஸ்டாப்வாட்ச்சோடு பட்டனை அழுத்துங்கள். லோகோ சில நொடிகளில் நகர்ந்துவிட்டால் குற்றவாளி கிடைத்துவிட்டது. ஆனாலும் உடனே தூக்கி எறிய வேண்டாம். டேட்டா கேபிளை மட்டும் புதிதாக மாற்றி ஒருமுறை மாட்டிப் பாருங்கள். தளர்ந்த கேபிளும் இதே கூத்தைக் காட்டும்.

‘பூட் டிவைஸ் இல்லை’ என்று திரையில் வந்தால் பதறாதீர்கள். விண்டோஸ் ஏற்றியபோது பழைய டிஸ்க்கும் மாட்டியிருந்தது அல்லவா? அப்படி ஏற்றினால் விண்டோஸ் எஸ்.எஸ்.டி.யில் உட்கார்ந்தாலும் அதைத் தொடங்கும் ஃபைல்கள் பழைய டிஸ்க்கிலேயே தங்கிவிடுவது உண்டு. புது வீட்டுக்குக் குடிபோய், சாவியைப் பழைய வீட்டில் விட்ட மாதிரி. கேபிளை மறுபடி மாட்டி, விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற கருவியைத் திறந்து பாருங்கள். ‘சிஸ்டம்’ என்று எழுதியுள்ள பகுதி எந்த டிஸ்க்கில் இருக்கிறதோ அங்கேதான் அந்த ஃபைல்கள். விண்டோஸ் இருக்கும் சி டிரைவில் ‘பூட்’ என்றிருக்கும். பெயர்கள் இடம் மாறியதுபோல் தோன்றும்; மைக்ரோசாஃப்ட்டின் வழக்கம் அப்படி. தொடக்க ஃபைல்களை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றித் தரும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். ‘எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப ஏற்றணும்’ என்று அவர் ஆரம்பித்தால் வேறு மெக்கானிக்கைப் பாருங்கள்.

ஒரு விஷயம், நீங்கள் கேட்காதது: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை (பாதுகாப்பு அப்டேட்டுகள் உட்பட) மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. கடையில் ஊரார் ஆதார் எல்லாம் வந்துபோகிறது, யோசியுங்கள்.

கேள்வி: தினமும் இரவு ஷட் டவுன் செய்கிறேன். ஆனால் டாஸ்க் மேனேஜரில் ‘அப் டைம்’ (விண்டோஸ் தொடர்ந்து ஓடிய நேரம்) 11 நாள் என்று காட்டுகிறது. பொய் சொல்கிறதா?
– ஒரு வாசகர், தேனி

பதில்: பொய் இல்லை. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் செய்தால் உங்கள் புரோகிராம்களை மூடிவிட்டு, விண்டோஸின் உள்மையத்தை மட்டும் டிஸ்க்கில் எழுதிவைத்துக்கொள்ளும். மறுநாள் அதிலிருந்தே எழும். அதனால் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. முழுதாக அணைத்து எழுப்புவது ‘ரீஸ்டார்ட்’தான், 11 நாளில் ஒருமுறையாவது அதை அழுத்துங்கள். ஹார்ட் டிஸ்க் காலத்தில் இந்த வசதியால் நிறைய நேரம் மிச்சமானது. எஸ்.எஸ்.டி.யில் சில நொடிகள்தான். நான் என் கம்ப்யூட்டரில் அதை நிறுத்தியே வைத்திருக்கிறேன்.

கேள்வி: எஸ்.எஸ்.டி.யை மாதாமாதம் டிஃப்ராக் (சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது) செய்யலாமா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: வேண்டாம். விண்டோஸே வாரம் ஒருமுறை தேவையானதைச் செய்துகொள்ளும்.