கிரெண்டலுக்கு டிராகன் குருவா?

'பியோவுல்ஃப்' என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில் வீரன் கையால் சாகும் அரக்கன் கிரெண்டல். ஜான் கார்ட்னர் 1971இல் எழுதிய 'கிரெண்டல்' நாவலில் அவனே கதை சொல்கிறான். ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு டிராகனிடம் போய் யோசனை கேட்கிறான். புதுச்சேரி, கடலூர் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் பெரும்பாலும் அந்த டிராகனைப் பற்றியவை.

லாஸ்பேட்டை வாசகி: டிராகன் நிஜமா, அவன் கற்பனையா சார்?

நடந்து போய் அவன் அதைப் பார்க்கவில்லை. மனதை வெறுமையாக்கிக்கொண்டு, மண்ணும் கடலும் கடந்து அமிழ்ந்து போகிறான். கனவு என்றுதான் தோன்றும். ஆனால் திரும்பி வந்தபின் வாள் அவன்மேல் இறங்குவதில்லையே! நிஜம் என்பது என் கட்சி.

முத்தியால்பேட்டை வாசகர்: பக்கம் பக்கமாகப் பேசுகிறது, ஒன்றும் புரியவில்லை.

உங்களை மிரட்டத்தான் அந்தப் பேச்சு. தத்துவவாதி வைட்ஹெட்டின் வரிகளையே அதன் வாயில் போட்டிருக்கிறார் கார்ட்னர். சாரம் சின்னதுதான்: எல்லாம் ஒருநாள் தூசியாகும், உன்னைக் கண்டு பயந்துதான் மனிதர்கள் கவிதை, மதம், அறிவியல் என்று வளர்கிறார்கள், நீ போனால் இன்னொருவன் வருவான். தங்கத்தைத் தேடி அதன்மேல் உட்கார், அவ்வளவுதான்.

உப்பளம் வாசகி: கிரெண்டல் காயீன் வம்சம் என்கிறார்களே, அப்படியானால் டிராகன் சாத்தானா?

காயீன், பைபிளில் தம்பியைக் கொன்று சாபம் வாங்கியவன். அவன் வம்சம் என்பது காவியத்தில் வருவது. நாவலில் அரண்மனைப் பாடகன், சபிக்கப்பட்ட இனம் என்று பாட, அதைக் கேட்டு அழுதுகொண்டே சமாதானம் பேச வந்த கிரெண்டலை அடித்து விரட்டுகிறார்கள். அதற்கப்புறம்தான் டிராகனிடம் போகிறான். சாத்தானுக்கு ஆள் பிடிக்கும் ஆசை உண்டு. இதற்கோ யார் வந்தாலும் சலிப்பு.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்: மகாபலிக்குச் சுக்கிராச்சாரியார் போலவா ஐயா?

நல்ல கேள்வி. வந்திருப்பது யாரென்று சுக்கிராச்சாரியாருக்கும் தெரியும், டிராகனுக்கும் முக்காலமும் தெரியும். ஆனால் அவர் சீடனைக் காப்பாற்ற வண்டாகிக் கமண்டலத்தின் மூக்கை அடைத்து ஒரு கண்ணையே இழந்தார். இந்த டிராகன் ஒரு நகத்தைக்கூட இழக்காது. தன்னையும் ஒரு மனிதன் கொல்லப்போகிறான் என்பதையே அலட்சியமாகச் சொல்கிறது. தெரிந்ததை எல்லாம் சொல்கிறவரை நாம் சட்டென்று குரு ஆக்கிவிடுகிறோம். சீடன் என்ன ஆவான் என்ற கவலையே இல்லாதவர் எப்படிக் குருவாவார்?

மஞ்சக்குப்பம் வாசகர்: வாள் வெட்டாத வரம் கொடுத்ததே?

காவியத்திலும் அவனை ஆயுதம் தொடாது. கார்ட்னர் அதை டிராகன் போட்ட மந்திரமாக மாற்றிவிட்டார். அதன்பின் சண்டையில் அவனுக்கு ஆபத்தே இல்லை, வெறும் கசாப்புதான். முன்னைவிடத் தனியாகிவிட்டான். அந்த மந்திரமும் இரும்புக்குத்தான். வெறுங்கையால் பிடித்தவனிடம் பலிக்கவில்லை.

நெல்லித்தோப்பு வாசகி: கடைசியில் வரும் வீரன் வாயிலும் நெருப்பு தெரிகிறதே மேடம்... மன்னிக்கவும், சார்?

பரவாயில்லை. அந்த வீரனுக்கு நாவல் பெயரே வைக்கவில்லை. கிரெண்டலின் கண்ணுக்கு இறக்கையும் தெரிகிறது. எல்லாம் அழியும் என்பதை அந்த வீரனும் மறுப்பதில்லை. ஆனால் அழிந்தது மறுபடி துளிர்க்கும் என்று காதோடு சொல்கிறான். டிராகன் சொல்லாமல் விட்ட பாதி அது. கை முறிகிற நேரத்தில் அதைக் கேட்டு கிரெண்டல் என்ன செய்வான்?