எஸ்.டபிள்யூ.ஆர். 1.1, ஆனால் சிக்னல் போகவில்லை

கேள்வி: 22 மி.மீ. செம்புக் குழாயை 1 மீட்டர் விட்டத்துக்கு வளைத்து, 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு லூப் ஆண்டெனா செய்தேன். எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆண்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.1. 10 வாட்டில் கூப்பிட்டால் யாருக்கும் கேட்பதில்லை. இதை ஒரு சர்க்யூட்டாக வரைந்து கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். அலைநீளம் 42 மீட்டர், உங்கள் வளையத்தின் சுற்றளவு 3.14 மீட்டர்தான். பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதால் வளையம் முழுக்க மின்னோட்டம் ஏறக்குறைய ஒரே அளவில் ஓடும். தொடராக ஒரு காயில், ஒரு கெபாசிட்டர், இரண்டு மின்தடைகள் வரைந்தால் போதும்.

காயில் 2.45 மைக்ரோஹென்றி, அதன் மின்மறுப்பு 109 ஓம். அதை ஈடுகட்ட 205 பிகோஃபாரட் வேண்டும். விஷயம் மின்தடைகளில்தான் இருக்கிறது. அலையாக வெளியேறும் சக்திக்கான கதிர்வீச்சு மின்தடை வெறும் 6 மில்லிஓம். செம்பு சூடாகித் தின்னும் சக்திக்கான மின்தடை 32 மில்லிஓம். எல்லாம் ஒழுங்காக இருந்தாலே 10 வாட்டில் ஒன்றரை வாட்டுக்குச் சற்று மேல்தான் காற்றில் போகும். எஸ்.டபிள்யூ.ஆரை நம்பாதீர்கள். டம்மி லோடுகூட (சக்தியை வெளியே விடாமல் வெப்பமாக்கிவிடும் சோதனை மின்தடை) 1.0 காட்டும்!

நானோ வி.என்.ஏ. (அதிர்வெண்வாரியாக எஸ்.டபிள்யூ.ஆர். காட்டும் சிறு கருவி) இருந்தால், ஒத்ததிர்வில் (காயிலும் கெபாசிட்டரும் ஒன்றையொன்று ஈடுகட்டும் அதிர்வெண்ணில்) எஸ்.டபிள்யூ.ஆரை 1.0-க்குக் கொண்டுவந்துவிட்டு, இருபுறமும் 2.6-ஐத் தொடும் அதிர்வெண்களைக் குறியுங்கள். இடைவெளி 2.5 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்க வேண்டும். அது 5.5 என்று வந்தால், 109-ஐ 5.5-ஆல் பெருக்கி 7100-ஆல் வகுங்கள்: மொத்த மின்தடை 84 மில்லிஓம். கணக்கில் வராத 46 மில்லிஓம் எங்கோ ஒளிந்திருக்கிறது, வெளியே போவது முக்கால் வாட்டுக்கும் குறைவு. முதலில் கெபாசிட்டர் இணைப்பைப் பாருங்கள். திருகு போட்டு முடுக்கிய இடங்களைப் பற்றவையுங்கள். உரசிச் சுழலும் தொடர்புள்ள கெபாசிட்டர் என்றால் உரசும் தொடர்பே இல்லாத பட்டாம்பூச்சி வகைக்கு மாறுங்கள். அப்புறம், இழப்பு குறைந்த பிறகு 10 வாட்டிலேயே கெபாசிட்டரில் 2,000 வோல்ட்டுக்கு மேல் உச்ச மின்னழுத்தம் வரும். அனுப்பும்போது கை வைக்காதீர்கள்.

இதே வளையத்தை 28 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் இந்தச் சர்க்யூட் பொருந்தாது. சுற்றளவு அலைநீளத்தில் 0.3 ஆகிவிடும், மின்னோட்டம் இடத்துக்கு இடம் மாறும். அங்கே என்.இ.சி. வகை ஆண்டெனாக் கணிப்பு மென்பொருள்தான் சரி. அதற்கு வளைவு தெரியாது, நேர்த்துண்டுகளாகத்தான் கொடுக்க வேண்டும். வட்டத்துக்குள் எண்கோணம் வரைந்தால் பரப்பு 10% குறையும். சிறிய வளையத்தில் கதிர்வீச்சு மின்தடை பரப்பின் இருமடிப்படி மாறுவதால் அது 19% குறைவாக வரும். 24 பக்கமாவது வைத்துக்கொள்ளுங்கள். செம்பின் இழப்பையும் சேர்க்கச் சொல்லுங்கள்; சொல்லாவிட்டால் இழப்பே இல்லாத கம்பியாக எடுத்துக்கொள்ளும்.