சாப்பாட்டு நேரமும் கலவை இன்சுலினும்

கேள்வி: எனக்கு வயது 58. மதுரையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். பதினோரு ஆண்டுகளாக இரண்டாம் வகைச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினுடன் 30/70 இன்சுலினைக் காலையில் 24 யூனிட், இரவில் 16 யூனிட் போட்டுக்கொள்கிறேன். காலை எட்டரைக்கு நான்கு இட்லி. மதியச் சோறு மூன்றரை ஆகிவிடும். இரவு பத்து மணிக்குச் சாப்பாடு. ஒன்றரை மணி வாக்கில் கை நடுங்கி வியர்க்கிறது. ஆனால் காலை வெறும் வயிற்றில் 190 இருக்கிறது. இன்சுலினைக் கூட்டுவதா, குறைப்பதா?

பதில்: அளவுக்கு முன்பாக நேரத்தைப் பார்ப்போம். நீங்கள் போடும் குப்பியில் இரண்டு இன்சுலின்கள் கலந்திருக்கின்றன. நூற்றில் முப்பது பங்கு ரெகுலர் இன்சுலின். போட்ட அரை மணியில் வேலையைத் தொடங்கி, இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும் அது உங்கள் இட்லியைக் கவனித்துக்கொள்கிறது. மீதி எழுபது பங்கு என்.பி.எச். என்னும் மெதுவான இன்சுலின். குப்பி பால்போலக் கலங்கலாகத் தெரிவது அதனால்தான். நான்கு மணி நேரத்துக்குப் பிறகு வேகம் பிடிக்கும் இந்தப் பங்கு, நீங்கள் ஒரு மணிக்கெல்லாம் சாப்பிட்டுவிடுவீர்கள் என்ற கணக்கில் உடம்புக்குள் போயிருக்கிறது. சோறு மூன்றரைக்குத்தான் வரும் என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே மருத்துவரைப் பார்க்கும்வரை, பன்னிரண்டரை மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தபடியே ஒரு சப்பாத்தியும் கொஞ்சம் சுண்டலும் சாப்பிடுங்கள். அந்த அளவைப் பிற்பகல் சோற்றில் குறைத்துக்கொள்ளலாம். அப்படியும் நடுக்கம் வந்தால் மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். கடைக்காரர் என்பதால் பக்கத்து ஜாடியில் இருக்கும் கடலை மிட்டாய்க்குக் கை போகும். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும் என்பதால் அவசரத்துக்கு அது உதவாது.

காலை 190-க்குக் காரணம் வேறு. பத்து மணிச் சாப்பாட்டின் மிச்சமாக இருக்கலாம். இரவு ஊசி விடியுமுன் தளர்ந்துபோக, அந்நேரத்தில் கல்லீரல் வெளிவிடும் சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறுவதாலும் இருக்கலாம். எதுவென்று தெரியாமல் இரவு அளவைக் கூட்டினால் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிவிடும் ஆபத்து உண்டு. மூன்று நாள்களுக்கு வெறும் வயிற்றிலும், மதிய உணவுக்கு முன்பும், படுக்கும் முன்பும், அவற்றில் ஒரு நாளாவது அதிகாலை மூன்று மணிக்கும் சோதித்து, சாப்பிட்ட நேரத்தையும் ஊசி போட்ட நேரத்தையும் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். அந்தத் தாள் இல்லாமல் எந்த மருத்துவரும் குத்துமதிப்பாகத்தான் மாற்ற முடியும்.

நேரம் தவறாமல் சாப்பிடுபவர்களுக்குக் கலவை இன்சுலின் எளிது, விலையும் குறைவு. உங்கள் வேலைக்கு அது பொருந்தவில்லை என்றே நினைக்கிறேன். கிளார்ஜின் போன்ற அடிப்படை இன்சுலினை நாளுக்கு ஒரு முறை போட்டால், பெரிய ஏற்ற இறக்கமின்றி ஏறக்குறைய 24 மணி நேரம் வேலை செய்யும். அத்துடன் லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்ற வேக இன்சுலினைத் தட்டுக்கு முன் உட்காரும்போது போடலாம். சோறு தள்ளிப்போனால் அந்த ஊசியும் தள்ளிப்போகும். பெரும்பாலும் அதிகம் சாப்பிடும் ஒரு வேளைக்கு மட்டும் தொடங்கிப் பார்ப்பார்கள். ஊசிகளின் எண்ணிக்கையும் செலவும் கூடும் என்பதை மறைப்பதற்கில்லை. இப்போதைய யூனிட் கணக்கை அப்படியே புதிய மருந்துக்கு மாற்றிப் போடாதீர்கள். மருத்துவர்தான் அதைப் பிரித்துத் தர வேண்டும்.

மருந்து மாறினால் சிரிஞ்சையும் கேட்டு வாங்குங்கள். நம் ஊரில் 30/70 குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட் கொண்டது. அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். கிளார்ஜின் மில்லிக்கு 100 யூனிட். அதைக் குப்பியிலிருந்து எடுத்தால் ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடியில் கிளார்ஜினை 10 யூனிட் கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட்.