7 வயசுப் பொண்ணுக்கு படம் போட்ட சயின்ஸ் புக் எதைப் பார்த்து வாங்கறது?

ரெண்டு விஷயம் கேட்டிருக்கீங்க. பொண்ணு பூச்சி, கிரகம், டைனோசர்னு எதைப் பார்த்தாலும் கேள்வியா கேக்கறா, அவளுக்கு எந்த மாதிரி புக் வாங்கறதுன்னு ஒண்ணு. இத்தனை வீடியோ இருக்கும்போது புக் எதுக்குன்னு உங்க வீட்டுக்காரர் கேக்கறார்ங்கறது இன்னொண்ணு. நான் பசங்களுக்கான அறிவியல் புத்தகங்களுக்கு படம் வரையற ஆளு, அதனால என் பதில் படத்துப் பக்கமே சாயும், அதைக் கழிச்சுட்டு படிச்சுக்கோங்க.

லிஸ்ட் எதுவும் தரப்போறதில்ல. லிஸ்ட்ல இருக்கற புக் உங்களுக்கு கிடைக்கும்னு என்ன நிச்சயம், கையில எடுத்த புக்கை அங்கேயே நின்னு எடை போடத் தெரிஞ்சா அதுவே போதும். நம்மள்ல நிறைய பேர் அட்டையைப் பார்ப்போம், எழுத்து பெருசா இருக்கான்னு பார்ப்போம், படம் கலர்ஃபுல்லா இருந்தா வாங்கிடுவோம். கதை புக்குக்கு அது சரி. அறிவியல் புக்ல படம்ங்கறது அலங்காரம் இல்ல, பாதிப் பாடமே அதுலதான் இருக்கு. 7 வயசுல பசங்க மொதல்ல படத்தைத்தான் படிப்பாங்க, எழுத்துக்கு அப்புறமாத்தான் வருவாங்க, சில சமயம் வரவே மாட்டாங்க. படம் தப்பா இருந்து பக்கத்துல எழுத்துல சரியா சொல்லியிருந்தாலும் மனசுல நிக்கப்போறது படம்தான்.

நான் எந்த புக்கை எடுத்தாலும் நேரா பூச்சிப் பக்கத்துக்குப் போவேன். எறும்புக்கு கால் எங்கேர்ந்து கிளம்புதுன்னு பார்ப்பேன். எறும்பு உடம்பு தலை, மார்பு, வயிறுன்னு மூணு பாகம், ஆறு காலும் நடுவுல இருக்கற மார்புலேர்ந்துதான் வரும். எறும்பை உத்துப் பார்க்காம வரையறவங்க என்ன பண்ணுவாங்கன்னா பாகத்துக்கு ரெண்டு காலா பங்கு போட்டுக் குடுத்துடுவாங்க, இல்லேன்னா வயித்துல வரிசையா சொருகிடுவாங்க. சிலந்திக்கும் இதே கதிதான், எட்டுக் காலும் முன்பாகத்துலதான் இருக்கும், பின்னாடி உருண்டையா தொங்கற வயித்துல ஒரு கால் கூட கிடையாது. அப்புறம் றெக்கை. தேனீக்கு நாலு, ஈக்கு ரெண்டு. சரியா வரைஞ்சிருந்தா அந்த ஆள் நிஜப் பூச்சியையோ நல்ல ரெஃபரன்ஸையோ பார்த்துத்தான் வரைஞ்சிருக்கார்னு தெரிஞ்சுடும், மத்த பக்கங்களையும் ஓரளவு நம்பலாம். எறும்புலயே கோட்டை விட்டா எரிமலைப் பக்கத்துல என்ன கூத்து நடந்திருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

அடுத்தது பட்டாம்பூச்சி, அது இல்லாத புக்கே இருக்காது. முட்டை, புழு, கூடு, பூச்சின்னு நாலு படம் வட்டமா போட்டு அம்புக்குறி போட்டிருப்பாங்க. அந்த மூணாவது படத்தை மட்டும் கவனிங்க. நூல் சுத்தின மாதிரி மெத்துன்னு ஒரு கூடு இருந்தா அது அந்துப்பூச்சி கட்டறது. பட்டாம்பூச்சியில பெரும்பாலானது அப்படிக் கட்டாது, புழு கடைசித் தடவை தோலை உரிச்சதும் உள்ள இருக்கற பியூப்பா, அதாவது கூட்டுப்புழு, வெறுமனே தொங்கும், அதோட ஓடுதான் அதுக்குப் பாதுகாப்பு. அந்துப்பூச்சிக் கூட்டுலேர்ந்து பட்டாம்பூச்சி வெளிய வர்ற புக்கை எல்லாம் நானே நிறைய பார்த்திருக்கேன். இன்னொண்ணு, அந்தப் புழு எந்தச் செடியில உக்காந்திருக்கு? பல புக்ல சும்மா ஒரு பச்சை இலை, அவ்வளவுதான். மோனார்க் பட்டாம்பூச்சியோட புழு எருக்குக் குடும்பத்துச் செடிகளைத்தான் தின்னும், அதை தோட்டத்து இலை எதுலயோ உக்கார வச்சா படம் பொய் சொல்லுது.

இதை 300 வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தங்க சரியா பண்ணிட்டாங்கங்கறதுதான் எனக்கு ஆச்சரியம். மரியா சிபில்லா மெரியன்னு ஒரு அம்மா, 1647ல பிறந்தவங்க. பூச்சி எல்லாம் சேத்துலேர்ந்தும் அழுகலேர்ந்தும் தானா உண்டாகுதுன்னு படிச்சவங்களே நிறைய பேர் நம்பிட்டிருந்த காலம் அது. இவங்க புழுவைப் புடிச்சுட்டு வந்து வளர்த்து, தினமும் பார்த்து, முட்டை, புழு, பியூப்பா, பூச்சி, அது திங்கற செடின்னு எல்லாத்தையும் ஒரே பக்கத்துல வரைஞ்சாங்க. 1699ல, 52 வயசுல, சின்னப் பொண்ணைக் கூட்டிட்டு கப்பலேறி தென் அமெரிக்காவுல இருக்கற சுரினாமுக்குப் போய் அங்க இருக்கற பூச்சிகளை வரைஞ்சு 1705ல புக்கா போட்டாங்க. இப்போ பசங்க புக்ல வர்ற 'வாழ்க்கைச் சுழற்சி' பக்கத்தைப் பார்க்கறப்ப எல்லாம் எனக்கு அவங்க ஞாபகம்தான் வரும், அவங்க விடாம வரைஞ்ச செடியை நாம ஏன் விட்டோம்னு எரிச்சலும் வரும்.

பெருசா இருக்கற விஷயங்கள்ல பிரச்சனை வேற, அளவு. சூரியக் குடும்பம் பக்கத்துல சூரியன் பக்கவாட்டுல கொஞ்சூண்டு தெரியும், எட்டு கிரகமும் பந்தி போட்ட மாதிரி பக்கத்து பக்கத்துல உக்காந்திருக்கும். பூமியை 1 செ.மீ. உருண்டைன்னு வச்சுக்கிட்டா நிலா 30 செ.மீ. தள்ளி இருக்கணும், சூரியன் ஒரு மீட்டருக்கு மேல குறுக்களவோட 117 மீட்டர் தள்ளி இருக்கணும். எந்தப் பக்கத்துலயும் அது அடங்காது, அதனால வரையறவரைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா நல்ல புக் 'தூரம் இங்கே அளவுப்படி இல்ல'ன்னு ஓரத்துலயாவது ஒரு வரி சொல்லும், அதை விட நல்ல புக் பக்கத்தைத் திருப்பினதும் தூரத்துக்குன்னே தனியா ஒரு படம் போட்டிருக்கும். பூமி சூரியனைச் சுத்தற பாதையை முட்டை மாதிரி நீட்டி வரைஞ்சிருந்தா மட்டும் அந்தப் பக்கத்துல கொஞ்சம் நின்னு பேசுங்க. அதைப் பார்க்கற குழந்தை சூரியனுக்குக் கிட்ட போறப்ப வெயில் காலம், தள்ளிப் போறப்ப குளிர் காலம்னு தானாவே முடிவு பண்ணிடும். நிஜத்துல அந்தப் பாதை கிட்டத்தட்ட வட்டம்தான், பூமி சூரியனுக்கு ரொம்பக் கிட்ட இருக்கறதே ஜனவரி ஆரம்பத்துல. பருவம் மாறறதுக்குக் காரணம் பூமி 23.5 டிகிரி சாய்ஞ்சிருக்கறது.

டைனோசர் புக்குன்னா எந்த வருஷத்துலதுன்னு பாருங்க. 1996ல சீனாவுல சைனோசாரோப்டெரிக்ஸ்னு ஒரு சின்ன டைனோசரோட புதைபடிவம் உடம்புல தூவி மாதிரி இழையோட கிடைச்சதைச் சொன்னாங்க, அதுக்கப்புறம் டைனோசர் படமே மாறிப்போச்சு. இன்னமும் எல்லாத்தையும் பல்லி மாதிரி வாலைத் தரையில இழுத்துட்டு நடக்க விட்ட புக் வருதுன்னா எங்கேயோ பழைய படத்தைப் பார்த்து காப்பி அடிச்சிருக்காங்க. அப்புறம் ஸ்டெகோசாரஸும் டி.ரெக்ஸும் சண்டை போடற படம். முதல்து சுமார் 15 கோடி வருஷத்துக்கு முன்னாடி, ரெண்டாவது 6.8லேர்ந்து 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி. கணக்குப் பார்த்தா டி.ரெக்ஸுக்கு ஸ்டெகோசாரஸை விட நாமதான் கிட்டத்து ஆளு. இதை உங்க பொண்ணுகிட்ட சொல்லிப் பாருங்க, வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டுத் திரிவா.

பழசுன்னாலே தூக்கிப் போடணும்னு சொல்லல. புளூட்டோவை கிரகம்னு போட்டிருந்தா, அதைக் கிரகப் பட்டியல்லேர்ந்து எடுத்த 2006க்கு முந்தினதுன்னு புரிஞ்சுக்கலாம். சனி கிரகத்தோட நிலா எண்ணிக்கை 2025ல 274 ஆச்சு, அந்த நம்பரை எந்த புக்காலயும் துரத்திப் பிடிக்க முடியாது. நம்பர் மாறினா பேனாவால அடிச்சு எழுதிக்கலாம், அதுவே குழந்தைக்கு ஜாலி. எனக்கு அதை விட முக்கியமா படறது 'இது எப்படித் தெரிஞ்சுது'ன்னு புக் எங்கேயாவது சொல்லுதாங்கறது. எலும்பு கிடைச்சது எவ்வளவு, ஊகிச்சு வரைஞ்சது எவ்வளவுன்னு காட்டற டைனோசர் புக் கைக்குக் கிடைச்சா விடாதீங்க. பல டைனோசருக்கு கலர் நாங்க வைக்கறதுதான், அதை ஒத்துக்கறதுல என்ன கூச்சம்னு எனக்குப் புரியல.

எழுத்தைப் பத்தி ரெண்டே வார்த்தை. 'நான்தான் மழைத்துளி பேசுகிறேன்' டைப் புக் எனக்கு ஆகாது, 7 வயசுக் குழந்தை அவ்வளவு சின்னப் புள்ள இல்ல. 'உங்களுக்குத் தெரியுமா' பெட்டி மட்டுமே பக்கம் பக்கமா இருக்கற புக்கும் வேண்டாம், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இருக்காது, வினாடி வினாவுக்குத்தான் லாயக்கு.

இப்போ வீடியோ கேள்வி. வீடியோவை நான் குறை சொல்லல, சிறுத்தை ஓடறதை புக்ல காட்டவே முடியாது. ஆனா வீடியோ அது வேகத்துக்கு ஓடும், பக்கம் குழந்தை வேகத்துக்கு நிக்கும். கரையான் புத்தை நெடுக்கா வெட்டின மாதிரி ஒரு படம் இருந்தா காத்து போற வழி எது, ராணி இருக்கற அறை எதுன்னு விரலை வச்சு தேடிட்டே இருப்பாங்க. ஃபோட்டோ கூட ஒரு பறவையோட ஒரு நிமிஷத்தைத்தான் காட்டும், பின்னாடி இருக்கற கிளை அதோட காலை மறைச்சிருக்கும். வரைஞ்ச படத்துல ஆண், பெண், குஞ்சு, பறக்கறப்ப தெரியற இறக்கைன்னு எல்லாத்தையும் பக்கத்து பக்கத்துல வைக்கலாம். அதனாலதான் பறவை பார்க்கறவங்க கையில வச்சிருக்கற கையேடுகள்ல நிறைய இன்னமும் வரைஞ்ச படத்தோட வருது. 1665ல ராபர்ட் ஹூக்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி மைக்ராஸ்கோப்ல பார்த்த தெள்ளுப்பூச்சியை மடிச்சு விரிக்கற பெரிய தாள்ல வரைஞ்சு போட்டார், கடிச்சா மட்டும் தெரியற பூச்சிக்கு ஒரு பூனை அளவு படம்! மடிச்சு விரிக்கற பக்கத்துக்கு இப்பவும் பசங்க மத்தியில மவுசு குறையல.

வயசு பார்த்து வாங்கணுமான்னு கேட்டா, படம் நல்லா இருந்தா ரெண்டு மூணு வயசு கூட போட்டிருந்தாலும் வாங்கலாம். எழுத்தை இப்போ நீங்க படிச்சுச் சொல்லுங்க, இல்ல படத்துக்குக் கீழ இருக்கற சின்ன வரிகளை மட்டும் அவளையே எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்க. மொதல் பக்கத்துலேர்ந்து வரிசையா படிக்கணும்னு மட்டும் கட்டாயப்படுத்தாதீங்க, இந்த வகை புக்கை யாரும் அப்படிப் படிக்கறதில்ல, திமிங்கலத்துல ஆரம்பிச்சு காளான்ல போய் நிப்பாங்க. கடைசியில சொல்லடைவு (எந்த விஷயம் எந்தப் பக்கத்துலன்னு சொல்ற இண்டெக்ஸ்) இருந்தா அதுல தேடறது எப்படின்னு ஒரு தடவை காட்டி விடுங்க, அப்புறம் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டா.

வாங்கறதுக்கு முன்னாடி நடுப்பக்கத்தை நல்லா விரிச்சுப் பாருங்க. தைச்ச பைண்டிங்னா படுக்கையா விரியும், வெறும் பசை போட்டு ஒட்டினதுன்னா ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து வரைஞ்ச திமிங்கலத்தோட கண்ணு மடிப்புக்குள்ள போயிடும், அழுத்தி விரிச்சா கொஞ்ச நாள்ல தாள் தனித்தனியா கழண்டு கையோட வந்துடும்.