மாத்திரைப் பசி

கேள்வி: எனக்கு 36 வயது. பள்ளி ஆசிரியை. லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்) என்று கண்டுபிடித்து ஐந்து மாதமாக பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். 40 மில்லிகிராமில் ஆரம்பித்து இப்போது 15. அப்போது 58 கிலோ, இப்போது 67. முகம் உருண்டுவிட்டது, பிடரியில் சதை போட்டுவிட்டது. "தட்டு நிறையச் சாப்பிட்டா உடம்பு ஏறாம என்ன செய்யும்" என்கிறார் மாமியார். போன வாரம் வெறுத்துப்போய் இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தினேன். தலைசுற்றல், குமட்டல், கட்டிலைவிட்டு எழவே முடியவில்லை. பயந்து மறுபடி போட்டுக்கொண்டேன். இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு கொள்ளுக் கஞ்சி மட்டும் குடித்தால் எடை குறையுமா?
- பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: கொள்ளு இருக்கட்டும் டீச்சர். முதலில் அந்த இரண்டு நாளைப் பேசிவிடுவோம்.

சிறுநீரகங்களின் தலையில் குல்லாய் மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் தினமும் கார்டிசோல் என்ற இயற்கை ஸ்டீராய்டைச் சுரக்கின்றன. மாத்திரைக் கணக்கில் சொன்னால் அது ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரட்னிசோலோன். வெளியிலிருந்து 40, 30 என்று மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தால், 'நமக்கென்ன வேலை' என்று சுரப்பி தூங்கிவிடும். இரண்டு நாளில் அது எழுந்திருக்காது. உடம்பில் அந்தச் சரக்கே இல்லாமல் போனதால்தான் உங்களுக்குத் தலை சுற்றியது. ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகியிருக்கலாம். நடந்ததை உங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இனி அளவைக் குறைப்பது அவர் வேலை. வாந்தியில் மாத்திரை தங்காமல் போனாலோ, கடும் காய்ச்சல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், "நான் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவள்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இனி எடை. முப்பது வருடம் இந்த மாத்திரையை எழுதிக்கொடுத்தவள் நான். "வாயைக் கட்டுங்கம்மா" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! 58 வயதில் எனக்கே நுரையீரலில் சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய் வந்து, முதலில் காசநோயோ என்று அலைந்து, கடைசியில் 30 மில்லிகிராமில் வந்து நின்றபோதுதான் அந்தப் பசி என்னவென்று தெரிந்தது. ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு, விளக்குகூடப் போடாமல், அடுப்படியில் நின்றபடி மிச்சமிருந்த எலுமிச்சைச் சாதத்தைச் சட்டியோடு கையில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க வந்த கணவர் விளக்கைப் போட்டார். ஒன்றும் சொல்லவில்லை. தயிரை எடுத்து வைத்துவிட்டுப் போனார். இரவு உணவு முடிந்து இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. மாமியாரிடம் சொல்லுங்கள்: இது மாத்திரை கிளப்பும் பசி, மருமகளின் நாக்குச் சபலம் இல்லை.

ஏறிய 9 கிலோவும் ஒரே சரக்கல்ல. கொஞ்சம் நீர், கொஞ்சம் கொழுப்பு. அதோடு, இருக்கிற கொழுப்பும் கை கால்களைவிட்டு முகம், பிடரி, வயிறு என்று இடம் மாறுகிறது. முன்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் நீர் இருக்கிறது. ஆனால் உங்கள் நோயில் இதற்கு மாத்திரையை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. லூபஸ் சிறுநீரகத்தைத் தொட்டாலும் கால் வீங்கும், சிறுநீர் நுரைக்கும். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால், காலையில் கண் இமை வீங்கினால், மூச்சு வாங்கினால் இந்தப் பத்தியைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போங்கள். எடை பார்ப்பது வாரம் ஒருமுறை போதும். அதே கிழமை, காலையில், வெறும் வயிற்றில்.

நீருக்கு எதிரி உப்பு. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், என்பது உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் சொல்வது. குழம்பில் போடும் உப்பை நாம் குறைத்துவிடுவோம். அப்புறம் அதே சாப்பாட்டில் இரண்டு அப்பளம், ஒரு மோர்மிளகாய், ஓரத்தில் ஆவக்காய்! நான் ஊறுகாய் ஜாடியை எதிர்வீட்டுக்கே கொடுத்துவிட்டேன். வீட்டில் இருந்தால் கை போகும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதை நீங்களாக வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று தெரியாமல் அது வேண்டாம்.

பட்டினியும் வேண்டாம். இந்த மருந்து தொடைத் தசையையும் தோள் தசையையும் கரைக்கும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்று பாருங்கள். இரவில் வெறும் கஞ்சி குடித்தால் குறைகிற எடையில் தசையும் சேர்ந்து போகும், பதினொன்றரை மணிக்கு அடுப்படி உங்களையும் கூப்பிடும். 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று பழமொழி இருக்கிறதே என்பீர்கள். கொள்ளு நல்ல பருப்பு. புரதம் இருக்கிறது, வயிறும் நிறையும். சுண்டலாகச் சாப்பிடுங்கள். கொழுப்பைக் கரைக்கும் மந்திரமெல்லாம் அதில் இல்லை.

நான் செய்ததைச் சொல்கிறேன். சோறு இரண்டு கரண்டியிலிருந்து ஒன்று ஆனது, அந்த இடத்தில் இரண்டு கரண்டி பொரியல் வந்தது. காலையில் இட்லி மூன்று, சட்னிக்குப் பதில் பருப்பு கெட்டியாக இருக்கும் சாம்பார், ஒரு அவித்த முட்டை. நீங்கள் பள்ளியில் இருப்பவர், உங்கள் கண்டம் மாலை நாலரை மணி ஸ்டாஃப் ரூம் வடையும் சர்க்கரை டீயும். அந்த நேரத்துக்கு ஒரு டப்பாவில் சுண்டலோ வேர்க்கடலையோ கொண்டுபோங்கள். முறுக்கு டப்பா எங்கள் வீட்டில் பரணுக்குப் போனது, ஃபிரிட்ஜின் முன்வரிசைக்கு வெள்ளரிக்காய் வந்தது. ராத்திரி பசி வந்தால் சண்டை போடவில்லை. உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, ஒரு டம்ளர் மோரும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டேன். பாதி நாள் அது போதுமாக இருந்தது. மீதி நாள் தோற்றேன்.

மாத்திரையைக் காலையில் ஒரே வேளையாகச் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தச் சர்க்கரை மதியத்துக்கு மேல்தான் ஏறும். வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறதென்று நிம்மதியாகிவிடாமல், மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள். நடக்கலாம், நடக்க வேண்டும். ஆனால் வெயில் உங்கள் நோய்க்கு ஆகாது. மகாமகக் குளத்தைச் சுற்றுவதானால் சூரியன் எழுமுன், அல்லது விளக்கு வைத்த பிறகு. வெயிலைத் தவிர்ப்பதாலும் மருந்தாலும் எலும்புக்கு வைட்டமின் டி, கால்சியம் தேவைப்படும். எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மூட்டுவாதத்தால் முடங்கியிருந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டார்கள். சில நாளில் எழுந்து நடந்தார். 1950-இல் அதற்கு நோபல் பரிசே கிடைத்தது. அதற்குள் முகம் உருண்டுபோவதும் மருத்துவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து பாடு, இந்த மருந்தின் அளவை எப்படிக் குறைப்பது என்பதுதான். லூபஸில் முடிந்தவரை நாளுக்கு 5 மில்லிகிராமோ அதற்கும் கீழோ கொண்டுவரச் சொல்கின்றன இன்றைய வழிகாட்டல்கள். அடுத்த முறை போகும்போது, "ஸ்டீராய்டைக் குறைக்க உதவும் வேறு மருந்து எனக்குச் சரிப்படுமா?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

முகம் திரும்பி வரும், அளவு குறையக் குறைய, மாதக்கணக்கில். என் பாஸ்போர்ட்டை மாத்திரை ஆரம்பித்த ஏழாவது மாதத்தில் புதுப்பித்தேன். இப்போதும் விமான நிலையத்தில் படத்தையும் என்னையும் இரண்டு தடவை பார்க்கிறார்கள்.

கேள்வி: ஒன்பது வயது மகனுக்கு ஆஸ்துமா. தினமும் இழுக்கும் இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருக்கிறதாம். குண்டாகிவிடுவானா?
- ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: மாட்டான். இன்ஹேலரில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு. ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். அதுவும் நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் நாக்கில் வெள்ளை படியும். உயரத்தை மட்டும் மருத்துவர் அவ்வப்போது அளந்து பார்க்கட்டும். பயந்து நிறுத்தி, மூச்சுத் திணறி, மாத்திரையும் ஊசியுமாக வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

கேள்வி: மூட்டுவலிக்குப் பேர் போடாத ஒரு பொடி வாங்கி நாலு மாதமாகச் சாப்பிடுகிறேன். பத்தே நாளில் வலி பறந்தது. நல்ல பசி, முகத்தில் தெளிச்சி, 5 கிலோ கூடியிருக்கிறேன். தொடரலாமா?
- வாசகர், மதுரை, வயது 62

பதில்: ஐயா, பத்து நாளில் வலி பறந்து, பசியெடுத்து, முகம் உப்பினால் எனக்கு ஒரே சந்தேகம்தான் வரும். பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். மேலே டீச்சருக்குச் சொன்ன காரணத்தால், நாலு மாதமாகச் சாப்பிட்டதை நீங்களாக இன்றே நிறுத்திவிடவும் வேண்டாம். பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே பொது மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் பார்க்கச் சொல்லுங்கள். பொட்டலத்தை மறந்துவிடாதீர்கள்.