ஆர்ன்ஸ்பேர்க்: எது ஊர், எது பிரதேசம்?

தம்பி, ஜேர்மனியில் நெஹைமில் மின்விளக்குத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆர்ன்ஸ்பேர்க்கில் ஏறத்தாழ 35 லட்சம் பேர் என்று ஓரிடத்தில் வாசித்தீர்கள். வரைபடத்தில் பார்த்தால் காட்டுக்குள் சின்ன ஊர். எது சரி, பெரிய நகரமான டோட்முண்டில் அறை எடுத்துப் போய்வரலாமா என்பது உங்கள் கேள்வி.

இரண்டும் சரிதான். நெஹைம் அடங்கிய ஆர்ன்ஸ்பேர்க் ஊரில் முக்கால் லட்சம் பேர்கூடத் தேறாது. நீங்கள் வாசித்தது அதே பெயரில் இருக்கிற ரெகீருங்ஸ்பெற்சிர்க், அதாவது மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் நடுவில் இருக்கும் நிர்வாகப் பிரிவு. டோட்முண்ட், போஹும், ஹாகன், ஹம், தெற்கே சீகன் வரை எல்லாம் அதற்குள் வரும். 1816இல் பிரஷ்யர்கள் இதை வகுத்தபோது டோட்முண்ட் சில ஆயிரம் பேர் இருந்த இடம். ஆர்ன்ஸ்பேர்க்தான் பழைய வெஸ்ட்பாலன் சிற்றரசின் தலைநகர். அதனால் பிரிவின் நிர்வாக அலுவலகம், அதாவது கந்தோர், அங்கே போனது. பிறகு நிலக்கரி வந்து டோட்முண்ட் ஊதிப் பெருத்தது. கந்தோர் அசையவில்லை.

நான் டோட்முண்டுக்கு வந்தது 1986இல். அடுத்த வருடமே நகரின் கடைசி நிலக்கரிச் சுரங்கத்தை மூடினார்கள். 2001இல் நகரின் ஹோர்டப் பகுதியில் இருந்த உருக்காலையும் நின்றது. சீனாவிலிருந்து ஆட்கள் வந்து அதைத் துண்டுதுண்டாகக் கழற்றிக் கப்பலேற்றினார்கள். அந்த இடத்தில் இப்போது ஏரி, கரையில் விலை கூடிய வீடுகள். போஹுமில் ஓப்பல் கார் ஆலை 2014இல் போனது. ஆகவே பெரிய நகரத்தில்தான் வேலை என்று நினைக்காதீர்கள். சவர்லாண்ட் மலைகளில் நீரோடையால் சம்மட்டியை ஓட்டிய காலம்தொட்டு இரும்பு வேலை உண்டு: அல்டேனாவில் கம்பி, இசர்லோனில் ஊசி, உங்கள் நெஹைமில் விளக்கு. பல நிறுவனங்கள் இன்னும் குடும்பச் சொத்து. பிரித்துக்கொண்டு போக அங்கே பெரிய உலை எதுவும் இல்லை!

நகரங்களுக்குத் தண்ணீரும் மலையிலிருந்துதான். அதற்காக 1913இல் கட்டி முடித்த ம்யோன அணையை 1943 மே மாதம் பிரித்தானிய விமானங்கள் உடைத்தன. வெள்ளம் நெஹைமுக்குள்ளும் ஆற்றோர ஊர்களுக்குள்ளும் புகுந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் முகாமில் அடைத்திருந்த, கட்டாய வேலைக்குக் கொண்டுவந்த சோவியத் பெண்கள். வேலை தொடங்கியபின் ஒருநாள் அணைக்குப் போய்ப் பாருங்கள்.

போய்வரலாமா என்றால், பகல் வேலைக்குப் போய்வரலாம். டோட்முண்டிலிருந்து ஆர்.ஈ. 57 என்ற ரயில் நேரே நெஹைம்-ஹ்யூஸ்டன் போகும், ஒரு மணித்தியாலம்கூட ஆகாது. நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸுக்கான மாதச் சீட்டான டொய்ச்லாண்ட் டிக்கெட் செல்லும். ஆனால் மணிக்கு ஒரு ரயில்தான். ஷிஃப்ட் என்றால் அங்கேயே வீடு பாருங்கள், வாடகையும் குறைவு. நான் ஒருமுறை அந்த ரயிலில் நித்திரையாகி கடைசி ஸ்டேஷனான வின்ரர்பேர்க்கில் கண் விழித்தேன். முழங்கால் அளவு பனி, காலில் சாதாரணச் சப்பாத்து.

தமிழ்க் கடையும் சனமும் டோட்முண்டில். ஹம் நகரின் காமாட்சி அம்பாள் கோயிலும் இதே பிரிவுக்குள்தான், மின்நிலையத்துக்குப் பக்கத்தில். தேர்த்திருவிழாவுக்கு லீவை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வீடு பார்க்கும்போது ஸ்டேஷனிலிருந்து ஒருதடவை நடந்து பாருங்கள். அங்கே ஏற்றம் அதிகம், வரைபடத்தில் தெரியாது.