செமினாரில் பாதி புரியவில்லை, போகலாமா?

கேள்வி: உயிரியல் இளநிலை படிக்கிறேன். ஓர் உயிர் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் நடக்கும் செமினார்களுக்கு வெளி மாணவர்களையும் விடுகிறார்கள். போனால் பத்து நிமிஷத்துக்கு மேல் ஒன்றும் விளங்குவதில்லை. பலன் உண்டா?

பதில்: உண்டு, விடாமல் போங்கள். மூளை நரம்பை ஆராய்பவருக்குத் தாவர ஹார்மோன் பற்றிய பேச்சில் பல விஷயம் புதுசுதான், அவரும் உங்களைப்போலத்தான் உட்கார்ந்திருப்பார். என்ன கேள்வி, ஏன் இதுவரை விடை கிடைக்கவில்லை என்பதைப் பெரும்பாலும் அந்த முதல் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள், அதைப் பிடித்துக்கொண்டால் அப்புறம் நடுவில் தடுமாறினாலும் பரவாயில்லை. கிராஃப் வந்தால் அச்சுகளில் என்ன எழுதியிருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க வைத்த கண்ட்ரோல் எது, எத்தனை முறை செய்து பார்த்தார்கள் என்று பாருங்கள். புள்ளிக்கு மேலும் கீழும் நீளும் எரர் பார் கோடு குட்டையாக இருந்தால் உடனே நம்பிவிட வேண்டாம். அது அளவுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கமா, சராசரி எவ்வளவு துல்லியம் என்று காட்டும் திட்டப் பிழையா? விலக்கத்தை மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவதுதான் திட்டப் பிழை, அதனால் சிறிசாகத்தான் தெரியும்.

முக்கியமாக, குறிப்பெடுங்கள். 1951 நவம்பரில் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் தன் டிஎன்ஏ எக்ஸ்ரே ஆய்வைப் பற்றிப் பேசியபோது ஜேம்ஸ் வாட்சனும் உட்கார்ந்து கேட்டார், எதையும் எழுதிக்கொள்ளவில்லை. டிஎன்ஏவில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைத் தப்பாக நினைவில் வைத்துக்கொண்டு போய், சக ஆய்வாளர் ஃபிரான்சிஸ் கிரிக்கோடு சேர்ந்து மூன்று இழைகள், நடுவில் பாஸ்பேட் என்று ஒரு மாதிரியைக் கட்டினார். பார்க்க வந்த ஃபிராங்க்ளின் இது தேறாது என்று அங்கேயே சொல்லிவிட்டார். சரியான மாதிரி வர 1953 ஆயிற்று.

கேள்வி: கேள்வி நேரத்தில் மாணவர்கள் கை தூக்கலாமா?

பதில்: தாராளமாக. முதல் கேள்வியை மாணவர்களுக்கே விடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது, எல்லா இடத்துக்கும் அது வரவேண்டும் என்பது என் ஆசை. கூச்சமாக இருந்தால் டீ இடைவேளையில் கேளுங்கள், இல்லையென்றால் ஆய்வைச் சுருக்கி ஒட்டியிருக்கும் போஸ்டர் பக்கம் போங்கள், யாராவது வந்து விசாரிக்கமாட்டார்களா என்றுதான் அங்கே ஆராய்ச்சி மாணவர் நின்றுகொண்டிருப்பார். இந்தப் பேச்சுகளை லேசாக எண்ண வேண்டாம். விஞ்ஞானிகள் இமானுவெல் ஷார்பான்டியேயும் ஜெனிஃபர் டௌட்னாவும் 2011இல் போர்ட்டோ ரிகோவில் ஒரு மாநாட்டுக்குப் போன இடத்தில் சந்தித்துப் பேசித்தான் சேர்ந்து வேலை செய்ய முடிவெடுத்தார்கள். டிஎன்ஏவை வேண்டிய இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் முறை பற்றிய அவர்கள் கட்டுரை 2012இல் வந்தது, வேதியியல் நோபல் 2020இல்.

கேள்வி: ஸ்லைடுகளைப் போனில் படம் எடுக்கலாமா?

பதில்: பேச்சாளர் சரி என்றால் மட்டும். செமினாரில் காட்டுவதில் நிறைய இன்னும் வெளியாகாத தரவு, வேறொரு லேப் முந்திக்கொண்டால் ஒரு மாணவரின் பல வருஷ உழைப்பு அடிபட்டுப்போகும். ஸ்லைடு மூலையில் கேமராவைக் குறுக்கே அடித்த சின்னம் இருந்தால் போனை உள்ளே வைத்துவிடுங்கள். உயிரியல் கட்டுரைகளை இதழில் வருமுன்பே போட்டுவைக்கும் பயோஆர்கைவ் தளத்தில் பேச்சாளர் பெயரைத் தேடிப் பாருங்கள், அந்த ஆய்வை முன்பதிப்பாகப் போட்டிருந்தால் படங்களோடு முழுசாக இலவசமாகவே படிக்கலாம்.